செம்மண் திடலில் இரண்டு நாள்: இசை விழாவுக்குப் போனவர்கள் எழுதுங்கள்

லிந்தாங் மகள் | திங்கள், காலை 9.10

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் சனி, ஞாயிறு நடந்த இசை விழாவுக்குப் போய்வந்தவர்கள் இந்த இழையில் எழுதுங்கள். நல்லதையும் எழுதுங்கள், நொந்ததையும் எழுதுங்கள். நான் இன்று விடுப்பு. வீட்டுப் பின்புறக் குழாயடியில் நான்கு ஜோடிக் காலணிகள் ஊறிக்கொண்டிருக்கின்றன. வாளித் தண்ணீரை மூன்று முறை மாற்றிவிட்டேன். இன்னும் காவி நிறம் போகவில்லை.

சனிக்கிழமை நண்பகலில் வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் கொட்டப்போகிறது என்று அம்மா அப்போதே சொன்னார். பருவக்காற்று மாறும் இந்த மாதங்களில் பேராக்கில் அது தவறாத கணக்கு. நாலேகாலுக்குப் பிடித்த மழை ஐந்தரை வரை விடவில்லை. விட்ட அரை மணி நேரத்தில் திடலில் புல் இருந்த இடமே தெரியவில்லை. கணுக்கால் வரை இறங்கும் செம்மண் சேறு. காலை இழுத்தால் கால் வரும், செருப்பு வராது. என் சின்னவனின் இடக்கால் செருப்பு மேடைக்கு வலப்பக்கம் எங்கோ புதைந்து கிடக்கிறது.

எனக்கு நெஞ்சில் நின்றது சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்குப் பிறகு நடந்தது. மின்னல் நெருங்கியதும் மேடை விளக்கு, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். கூட்டம் உணவுக் கடைகளின் கூரைக்கடியில் வந்து ஒண்டியது. ஒரே இருட்டு. குச்சியில் குத்தி இறைச்சி சுடும் சாத்தே கடை அடுப்பில் மட்டும் கரி சிவந்துகொண்டிருந்தது. மாலையில் ஆடவிருந்த உறுமிமேளப் பையன்கள் அந்த அடுப்போரம் நின்றார்கள். அவர்களோடு பறை வைத்திருந்த ஒரு பையன் கடைக்காரரான மலாய்ப் பெரியவர், பாக்சிக்கிடம் மலாயில் ஏதோ கேட்டான். அவர் சாத்தேக் குச்சிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி இடம் விட்டார். அவன் பறையை நெருப்புக்கு ஒரு சாண் மேலே பிடித்து, மெல்லச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். நடு நடுவே விரல் நுனியால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டான். முதலில் ஈரத்துணியைத் தட்டுவதுபோலத் தொப்பென்று கேட்டது. ஐந்தாறு நிமிடத்தில் கணீரென்றாகிவிட்டது. அவன் முதல் அடி அடித்ததும் எனக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. பிறகு ஒரு மணி நேரம் மைக் இல்லாமல், மேடை இல்லாமல், எங்கள் நடுவிலேயே வாசித்தார்கள். அந்தப் பாக்சிக்கும் விசிறியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

நொந்துபோனது பெண்களுக்கான கழிவறை. அத்தனை கூட்டத்துக்கு ஆறு கூண்டுகள். விளக்கு இல்லை. ஒன்பது மணிக்குத் தண்ணீரும் நின்றுவிட்டது. வழியெங்கும் சேறு, பிடித்து நடக்க ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. என் அம்மாவுக்கு 71 வயது. கழிவறைக்குப் போகவேண்டி வந்துவிடுமோ என்று மாலை ஐந்து மணியிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து என் மனம் ஆறவில்லை.

உறுமிக்காரன் | திங்கள், காலை 11.32

அக்கா, அந்தக் கூட்டத்தில் நானும் வாசித்தேன். நீங்கள் எழுதியதைக் குழுவினர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்.

பறையை நெருப்பில் காட்டினால் தோல் இறுகிவிடும். உறுமிக்கு அப்படிக் காட்ட முடியாது. கயிற்றை இழுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். உறுமியின் வலப்பக்கத்தை நேர்க்குச்சியால் அடிப்போம், இடப்பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்போம். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் பிறக்கிறது. தோல் ஈரமாக இருந்தால் குச்சி வழுக்கிக்கொண்டு போகும், குரல் எழும்பாது. சனிக்கிழமை என் சட்டையைக் கழற்றித் தோலைத் துடைத்துத் துடைத்து வாசித்தேன்.

எனக்கு நொந்தது சேறும் இல்லை, மழையும் இல்லை. எங்களுக்கு 40 நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாலையில் அதைப் பத்து நிமிடமாக்கி, அதுவும் பெரிய கலைஞருக்கு ஒலிச் சோதனை நடக்கும்போது வாசலில் நின்று வாசிக்கச் சொன்னார்கள். இரண்டு மாதம் இரவு வேலை முடித்துவந்து பயிற்சி எடுத்த பையன்கள். உறுமி என்றாலே அடிதடிக் கூட்டம் என்று பார்க்கும் பார்வை இன்னும் நம்மவர்களிடமே இருக்கிறது. தைப்பூசத்துக்கும் கருமாதிக்கும் வேண்டும், மேடைக்கு வேண்டாம். மின்சாரம் போயிருக்காவிட்டால் அன்று எங்களை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

கூட்டம் கலையும் நேரத்தில் என் வளைகுச்சி சேற்றில் விழுந்துவிட்டது. கைவிளக்கு வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. முனையில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். என் தாத்தா வைத்திருந்தது. யார் கண்ணிலாவது பட்டால் தயவுசெய்து இங்கே சொல்லுங்கள்.

ஈப்போ விருந்தாளி | திங்கள், பிற்பகல் 1.05

உங்கள் ஊர்ப் பாசத்தை மதிக்கிறேன். ஆனால் நான் ஈப்போவிலிருந்து மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்தவன். ஆளுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்) டிக்கெட். ஞாயிறு இரவு பாடவேண்டிய முதன்மைக் கலைஞர் வரவில்லை. வரமாட்டார் என்று ஏழு மணிக்கே குழுவுக்குத் தெரிந்திருக்கிறது. பத்து மணிவரை யாரும் மேடையேறி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மகள் அவர் பெயரை அட்டையில் எழுதி வண்ணம் தீட்டிக் கொண்டுவந்திருந்தாள். நின்றுகொண்டே தூங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து கார் நிறுத்திய இடத்துக்குப் போனால் முன் சக்கரம் பாதி புதைந்திருக்கிறது.

இந்தச் சேற்றை அழகு, அனுபவம் என்று சொல்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. மண்டபத்தில் நடத்தியிருக்கலாம். மழை வரும் மாதம் என்று தெரிந்தும் திறந்த திடலில் வைத்தது பொறுப்பற்ற செயல்.

பழைய தோட்டம் | திங்கள், மாலை 4.48

ஈப்போ தம்பி, உங்கள் காரை இழுத்த டிராக்டரில் உட்கார்ந்திருந்தது என் மருமகன். பின்னால் நின்று மட்டை போட்டவன் நான். அன்றிரவு மொத்தம் 23 வண்டிகள். உங்கள் மகள் உங்கள் தோளில் தூங்கியதும் நினைவிருக்கிறது.

இனி எப்போதாவது வண்டி சேற்றில் மாட்டினால் எண்ணெயை அழுத்தாதீர்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். செம்பனை மட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே அடுக்க வேண்டும். ஆனால் மட்டையின் அடிப்பகுதியில் இரு ஓரமும் முள் இருக்கும்; அதை வெட்டி எறிந்துவிட்டு ஓலைப் பகுதியை மட்டும் போடவேண்டும். சனிக்கிழமை இது தெரியாத ஓர் இளைஞர் முழு மட்டையைப் போட்டு, சேற்றில் இருந்த வண்டிக்கு டயரும் பஞ்சராகி நின்றது.

நான் தோட்டத்தில் பிறந்தவன். எங்களுக்கு மழை என்றால் வேறு பொருள். பால்மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காது, மரமெங்கும் வழிந்துவிடும், கோப்பைக்கு வந்து சேராது. வெட்டு இல்லை என்றால் அன்றைய சம்பளமும் இல்லை. விடியற்காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம். அதே களத்தில்தான் ஆடித் திருவிழாவுக்கு மேடை கட்டுவார்கள். நாடகம், கரகம், விடிய விடிய உறுமி. மழை பெய்தால் நெல் உமியும் மரத்தூளும் கொட்டுவோம், பலகை போடுவோம், ஆட்டம் தொடரும். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் தேவைப்படவில்லை. தோட்டங்கள் கைமாறின. சனங்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிப்போனார்கள். கோயிலைப் பெயர்த்துக்கொண்டு வந்தோம். அந்தக் களத்தைக் கொண்டுவர முடியவில்லை.

சனிக்கிழமை இருட்டில் அந்தப் பறைச் சத்தம் கேட்டபோது கையில் இருந்த மட்டையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். நாற்பது வருடமாகக் கேட்காத தாளக்கட்டு. என் பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் ஒருவர், அவரும் பழைய தோட்டத்து லோரி ஓட்டுநர், என் தோளைத் தட்டி, "திருவிழா மாதிரி" என்று தமிழிலேயே சொன்னார்.

மண்டபத்தில் வைத்திருந்தால் இது நடந்திருக்குமா, தம்பி? எனக்குத் தெரிந்தவரை நடந்திருக்காது.

மின்பணித் தம்பி | திங்கள், இரவு 8.20

மின்சாரத்தை நிறுத்தியது சரியான முடிவு. அதை எடுத்தவரைப் பாராட்ட வேண்டும். மின்னல் தெரிந்து இடி கேட்க எத்தனை நொடி என்று எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி பிடிக்கும். முப்பது நொடிக்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் விழுகிறது, உடனே ஒதுங்க வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகுதான் வெளியே வரலாம். அன்று நான் எண்ணியபோது எட்டு நொடி.

லிந்தாங் அக்கா, உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லை. இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நான்கு பக்கமும் திறந்த கொட்டகை மின்னலுக்குப் பாதுகாப்பான இடமன்று. சுவர் உள்ள கட்டடம், அல்லது கதவு மூடிய கார், இரண்டில் ஒன்றுக்குத்தான் போகவேண்டும். அடுத்த முறை மின்னல் வந்தால் மக்கள் எங்கே போவது என்பதை முதலிலேயே முடிவுசெய்து அறிவிக்க வேண்டும்.

நான் கண்ட மிக மோசமான காட்சி ஞாயிறு காலை. ஜெனரேட்டரிலிருந்து உணவுக் கடைகளுக்குப் போகும் நீட்டிப்புக் கம்பி, இணைப்புப் பெட்டியோடு தேங்கிய தண்ணீரில் கிடந்தது. பக்கத்தில் இரண்டு சிறுவர்கள் சேற்றில் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். நானே ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன். மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் கருவி அதில் பொருத்தப்படவே இல்லை. பிறகு இரண்டு நண்பர்களோடு சேர்ந்து கம்பிகளையெல்லாம் மூங்கில் கால் நட்டு மேலே தூக்கிக் கட்டினோம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

கூச்சிங் பறவை | திங்கள், இரவு 9.55

சரவாக்கில் வேலை பார்க்கிறேன். விழாவுக்காகவே விடுப்பில் ஊருக்கு வந்தேன். சந்துபோங் மலையடிவாரத்தில் 1998இல் தொடங்கிய மழைக்காட்டு உலக இசை விழாவுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். அங்கேயும் மழை உண்டு, சேறு உண்டு. பகலில் மண்டபத்துக்குள் பட்டறைகள் நடக்கும். சரவாக்கின் நரம்பிசைக் கருவியான சாப்பே வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து நாம் விரல் வைத்துப் பார்க்கலாம். இரவில்தான் திறந்தவெளி மேடை. ஈப்போ அண்ணன் கேட்கும் மண்டபமும், பழைய தோட்டம் ஐயா கேட்கும் திடலும் ஒன்றாகவே இருக்க முடியும்.

சேற்றுக்கும் இசை விழாவுக்கும் உள்ள உறவு பழையது. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் உட்ஸ்டாக் விழாவில் முதல் நாள் இரவு ரவிசங்கர் மழையில்தான் சிதார் வாசித்தார். 1970இல் இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி விழா தொடங்கியபோது ஒரு பவுண்டு டிக்கெட்டுக்குப் பண்ணைப் பாலும் இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தப் பண்ணையும் பலமுறை சேறாகியிருக்கிறது. ஆனால் ஐம்பது ஆண்டு தாண்டியும் நிற்கிறது.

உறுமிக்காரன் தம்பிக்கு ஒன்று. சரவாக்கில் உள்ளூர் சாப்பேதான் முதன்மை மேடையில் ஏறுகிறது. அதைக் கேட்கத்தான் வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார்கள். நம் ஊரில் உறுமி வாசலில் நிற்கிறது. இந்த ஒன்றை மாற்றினாலே போதும், நான் அடுத்த ஆண்டும் விமான டிக்கெட் எடுப்பேன்.

ஈப்போ விருந்தாளி | திங்கள், இரவு 10.40

பழைய தோட்டம் ஐயா, அன்றிரவு இருட்டில் உங்கள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. காசு கொடுக்க வந்தபோது வாங்க மறுத்துவிட்டீர்கள். மனமார்ந்த நன்றி. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வந்தோம். அந்தப் பறையை நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ.

ஆனாலும் டிக்கெட் பணத்தை விட்டுக்கொடுக்கப் போவதில்லை. 240 வெள்ளி எனக்குச் சின்னத் தொகையன்று. மூன்று மணி நேரம் பிள்ளைகளைக் காத்திருக்க வைத்தது பிழை.

சட்டம் படித்தவள் | செவ்வாய், காலை 7.30

ஈப்போ அண்ணா, கேட்பது உங்கள் உரிமை. முதலில் குழுவுக்கு எழுத்துமூலம் கடிதம் கொடுங்கள். டிக்கெட், விளம்பரத் தாள், பணம் கட்டிய ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். பதிவுக் கட்டணம் ஐந்து ரிங்கிட்தான், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ஆனால் கடிதத்திலேயே முடிந்துவிட்டால் இரு தரப்புக்கும் நல்லது.

தாதி | செவ்வாய், காலை 10.15

எல்லாரும் இதைப் படியுங்கள். வெறுங்காலில் சேற்றில் நடந்தவர்கள், காலில் சிராய்ப்போ வெட்டோ இருந்தவர்கள் கவனமாக இருக்கவேண்டும். தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் எலிச் சிறுநீர் கலந்திருந்தால் அந்தக் கிருமி காயத்தின் வழியாக உடலுக்குள் போகும். மலாயில் கெஞ்சிங் திக்குஸ் என்று சொல்வது இதைத்தான். செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய ஊர்களில் எலி குறைவில்லை. பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் அறிகுறி தெரியும். ஒரு மாதம் வரைகூட ஆகலாம். கடுங்காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இவற்றில் எது வந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள். போனதும் சேற்றில் நடந்ததைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. சேற்றில் சறுக்கி விளையாடிய அந்தச் சிறுவர்களின் பெற்றோருக்கு யாராவது தெரிவியுங்கள்.

குழுத் தொண்டன் | செவ்வாய், பிற்பகல் 2.25

நான் ஏற்பாட்டுக் குழுவில் தொண்டு செய்தவன். என் பெயரில் எழுதுகிறேன், குழு சார்பாக அன்று. ஒவ்வொரு பதிவையும் படித்தேன்.

ஞாயிறு காலை மூன்று லோரி மணல் கொட்டினோம். அது மேடைக்கு முன்னால் மட்டும் போதுமானதாக இருந்தது. அதைச் சனிக்கிழமைக்கு முன்பே கொட்டியிருக்க வேண்டும். கழிவறை பற்றி அக்கா எழுதியதற்கு என்னிடம் ஒரு சமாதானமும் இல்லை. பட்டியல் போட்டது ஆண்கள் ஐந்து பேர்; எங்களுக்கு அது தோன்றவில்லை. கலைஞர் வராதது ஏழு மணிக்குத் தெரியும். சொன்னால் கூட்டம் கலைந்துவிடும், கடைக்காரர்களுக்கு நட்டம் என்று சிலர் பயந்தார்கள். நான் சொல்லவேண்டும் என்றேன், வற்புறுத்தவில்லை. அதற்கு ஈப்போ அண்ணனிடமும் அவர் மகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். குழு வியாழக்கிழமை கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தரவேண்டும் என்பதை நான் முன்வைப்பேன்.

உறுமி நேரத்தைக் குறைத்தது பற்றி: அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு. தம்பிகளே, நேரில் வந்து பேசுகிறேன்.

லிந்தாங் மகள் | செவ்வாய், மாலை 6.05

தொண்டன் தம்பி, நேர்மையாக எழுதியதற்கு நன்றி. வியாழக்கிழமைக் கூட்டத்தில் இன்னொன்றையும் முன்வையுங்கள். அடுத்த முறை குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். நான் வருகிறேன். என் அக்காவும் வருவார். மாதத்தையும் மாற்றலாம், பிப்ரவரியிலோ ஜூன், ஜூலையிலோ இந்தப் பக்கம் மழை குறைவு.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை | செவ்வாய், இரவு 8.50

நீங்கள் எல்லாரும் பேசும் அந்தத் திடலில்தான் என் மாணவர்கள் ஓட்டப் பயிற்சி எடுக்கிறார்கள். இன்று மாலை போய்ப் பார்த்தேன். டயர் பதிந்த பள்ளங்கள் முழங்கால் ஆழம் இருக்கின்றன. வெயில் பட்டு ஓரமெல்லாம் கல்லாக இறுகத் தொடங்கிவிட்டது. இப்போதே நிரவாவிட்டால் பிறகு கடப்பாரை வேண்டியிருக்கும். மேற்குப் பக்க வேலியோரம் முழுக்கத் தண்ணீர்ப் புட்டிகள். பிள்ளைகள் ஓடினால் கால் முறிந்துவிடும்.

வரும் சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கோத்தோங்-ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் வேலை) வைக்கலாமா? மண்வெட்டி, தள்ளுவண்டி, குப்பைப் பைகள் வேண்டும். எல்லாரும் பூட்ஸ் போட்டு வாருங்கள். தாதி சொன்னதை மறக்கவேண்டாம்.

இன்னொன்று. மேடைக்கு வலப்பக்கம் ஒரு பள்ளத்தில் வளைந்த குச்சி ஒன்று கிடைத்தது. முனையில் சிவப்பு நூல். கழுவித் துடைத்து நிழலில் உலர வைத்திருக்கிறேன். அதன் பக்கத்திலேயே ஒரு சிறுவனின் இடக்கால் செருப்பும் இருந்தது.

உறுமிக்காரன் | செவ்வாய், இரவு 8.54

டீச்சர், அது என்னுடையதுதான். வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், வளைவு பிளந்துவிடும். சனிக்கிழமை நாங்கள் பதினொரு பேரும் ஏழு மணிக்கே வந்துவிடுகிறோம்.

பழைய தோட்டம் | செவ்வாய், இரவு 9.20

டிராக்டருக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு மண்வெட்டியும் ஒரு தள்ளுவண்டியும் என்னிடம் இருக்கின்றன. ஈப்போ தம்பி, பிள்ளைகளை அழைத்து வாருங்கள். வேலை முடிந்ததும் இந்தப் பையன்கள் வாசிப்பார்கள்.

ஈப்போ விருந்தாளி | செவ்வாய், இரவு 9.41

வருகிறோம், ஐயா.